வாழைக்காய்க் குளிர் அறை: கணினி மாதிரி எல்லாம் சரி என்கிறது, இரண்டாம் வரிசைக் காய் மட்டும் கெடுகிறது

சின்னமனூர்க்காரன்:

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் ஜி9 வாழை பயிரிடும் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சிப்பம் கட்டும் நிலையத்தில் குளிரூட்டும் பொறுப்பு என்னுடையது. மூன்று லோடாக ஒரே தொல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் காய் இது. தார் வெட்டி, சீப்புகளாகப் பிரித்து, கழுவி, பாலித்தீன் உறை விரித்த அட்டைப் பெட்டியில் 13 கிலோ அடைக்கிறோம். குளிர் அறையில் இரண்டு மூன்று நாள் வைத்து வெப்பம் இறங்கிய பிறகு கன்டெய்னரில் ஏற்றுகிறோம். அறை 13.5 டிகிரியில் நிற்க வேண்டும். 13-க்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் காய்க்குக் குளிர்க்காயம். மேலே நின்றால் வழியிலேயே பழுக்கும் அபாயம். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒற்றையடிப் பாதை.

போன லோடில் இரண்டாம் வரிசைப் பேலட் (பெட்டிகளை அடுக்கும் தட்டு) ஒன்றின் மேலடுக்கிலிருந்து ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே நல்ல பச்சை, யார் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்கள். பேனாக்கத்தியால் தோலின் மேல்படலத்தை மட்டும் மெல்லச் சீவினேன். வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டிய நார் வரிகள் தேயிலைத் தூள் நிறத்தில் கோடுகோடாக ஓடின. அந்தக் காயைத் தனியே பழுக்க வைத்தபோது மஞ்சள் ஏறவில்லை. சாம்பல் பூசியது போன்ற மங்கல் நிறம்தான் வந்தது. அதே அறையில், அதே நேரத்தில், இன்னொரு பேலட்டின் நடுப்பெட்டியில் காயின் சதைக்குள் வெப்பமானியைச் செருகினால் 48 மணி நேரம் கழித்தும் 20.6 டிகிரி! ஒரே அறைக்குள் குளிரில் கெட்ட காயும் இருக்கிறது, குளிராத காயும் இருக்கிறது.

அறையின் விவரம்: நீளம் 8 மீட்டர், அகலம் 6, உயரம் 3.6. சுவர், கூரை எல்லாம் வெப்பம் தடுக்கும் 100 மில்லிமீட்டர் பஃப் பேனல். குறுகிய சுவரில், கூரையை ஒட்டி, ஒரே கூலிங் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்). அதில் 400 மில்லிமீட்டர் விசிறி மூன்று. மொத்தக் காற்று மணிக்கு 10,000 கனமீட்டர். வெளியே தலா 7 கிலோவாட் திறனில் இரண்டு கம்ப்ரசர். தெர்மோஸ்டாட்டின் உணரி, காயிலுக்குத் திரும்பி வரும் காற்றில் இருக்கிறது. அறையில் 12 பேலட், பேலட்டுக்கு 64 பெட்டி, ஆக ஏறத்தாழ 10 டன் காய்.

நிறுவிக் கொடுத்தவர்களிடம் கேட்டேன். அறை 13.5 காட்டுகிறது, எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். அதனால் நானே ஓபன்ஃபோம் என்ற மென்பொருளில் அறையின் கணினி மாதிரி ஒன்றைக் கட்டினேன். கல்லூரியில் படித்த சிஎஃப்டியை (காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் முறை) தூசி தட்டி எடுத்து இரண்டு மாதம் உட்கார்ந்தேன். அறையைப் பிரித்த 12 லட்சம் சிறு கட்டங்கள், கே-எப்சிலான் கொந்தளிப்பு மாதிரி. காயிலின் முகம் முழுவதும் (2.4 மீட்டருக்கு 0.5 மீட்டர்) சீரான வேகத்தில் காற்று வருவதாகவும், அது எப்போதும் 13.5 டிகிரி என்றும் கொடுத்தேன். பேலட்டுகளைத் துளையுள்ள ஊடகமாக வைத்து எர்குன் சமன்பாட்டைப் போட்டேன். காற்றோட்டத்தை முதலில் தீர்த்து, அதை அப்படியே நிறுத்திவைத்து, பிறகு வெப்பத்தைத் தீர்த்தேன். விடை மிக அழகாக வந்தது. 48 மணியில் நடுப்பெட்டி 14.2, மேல்பெட்டி 13.6. அறையில் நடப்பதோ வேறு.

கட்டங்களை 40 லட்சமாக்கினால் சரியாகுமா? அதற்கு வாடகைக் கணினி எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு லோடும் பத்துப் பதினைந்து குடும்பங்களின் ஒரு வருட உழைப்பு. எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

பழைய கம்ப்ரசர்:

தம்பி, கட்டங்களைக் கூட்டாதீர்கள். பணத்தை வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகருக்குச் செலவழியுங்கள்.

குளிர்பதனத் துறையில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதிக் காலம் தூத்துக்குடியில் இறால், மீன். மீதி பழம், காய்கறி. சிஎஃப்டி எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கேள்வியிலேயே விடை கிடக்கிறது: "அது எப்போதும் 13.5 டிகிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். காயிலிலிருந்து வெளியேறும் காற்று உங்கள் அறையில் 13.5-இல் இருக்கவே முடியாது.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 10,000 கனமீட்டர் என்றால் வினாடிக்கு 2.78. ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.23 கிலோ. இந்தக் காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 3.4 கிலோவாட் ஆகும். இரண்டு கம்ப்ரசரும் ஓடினால் 14 கிலோவாட். 14-ஐ 3.4-ஆல் வகுத்தால் நான்கு டிகிரிக்குச் சற்று மேல். காயிலுக்குள் போகும் காற்று 13.5 என்றால் அதிலிருந்து வெளியே வருவது 9.4. தெர்மோஸ்டாட் பார்ப்பது போகும் காற்றை. உங்கள் காய் பார்ப்பது வரும் காற்றை.

முதல் இரவில் ஆபத்தில்லை. காய் 28 டிகிரியில் உள்ளே வருகிறது, திரும்பும் காற்றும் 17, 18 இருக்கும், விசிறியிலிருந்து வருவது 13, 14. ஆபத்து இரண்டாம் நாள். வெளியடுக்குப் பெட்டிகள் குளிர்ந்துவிட்டன, நடுப்பெட்டிகள் மட்டும் இன்னும் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த நேரம் காயிலின் சுமை 8 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், திரும்பும் காற்று 13.5 என்று திரை காட்டும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் வரும் காற்றின் சராசரி 13.5-இலிருந்து 8-இன் கீழ் 3.4-ஐக் கழித்தால் கிடைப்பது, அதாவது 11.2 டிகிரி. அந்தக் காற்று நேராக எந்தப் பெட்டியின் மேல் விழுகிறதோ அந்தப் பெட்டி ஒரு நாள் முழுவதும் பதினொன்றரை, பன்னிரண்டில் கிடக்கும். நீங்கள் கத்தியால் சீவிப் பார்த்த வரி அங்கேதான் பிறந்தது.

மூன்றாம் நாள் சுமை குறையும். காயின் சுவாச வெப்பத்துக்கு டன்னுக்கு 40 வாட் போட்டால் 0.4 கிலோவாட், வெளியே 32 டிகிரி என்றால் சுவர், கூரை, தரை வழியாக 0.8; விசிறி மோட்டார் ஒன்றேகால்; கதவுக்கும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து மூன்று. அப்போது வரும் காற்றின் சராசரி 12.6 ஆகிவிடும். ஆனால் அதற்குள் தோல் கெட்டுவிட்டது.

கப்பல் கன்டெய்னரில் வாழையை அனுப்புகிறீர்களே, அந்தப் பெட்டி எந்தக் காற்றைப் பார்த்து ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உறையாத சரக்கென்றால் வரும் காற்றைப் பார்த்து, உறைந்த சரக்கென்றால் திரும்பும் காற்றைப் பார்த்து. காரணம் இதுதான். உங்கள் அறையை மீன் அறைக்குப் பழகிய கை கட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். உறைந்த இறாலுக்கு நான்கு டிகிரி கூடுதல் குளிர் ஒரு கேடும் செய்யாது.

அடுத்தது, ஏன் இரண்டாம் வரிசை? முதல் வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. காயிலிலிருந்து கிளம்பும் காற்று கூரையை ஒட்டிக்கொண்டு எதிர்ச்சுவர் வரை போக வேண்டும். கூரையில் குறுக்கே ஏதாவது தொங்கினால் அங்கே பிடி விட்டுக் கீழே விழும். குளிர்ந்த காற்று கனமானது, விழுந்தால் மீண்டும் கூரையைப் பிடிக்காது. தூத்துக்குடியில் ஓர் அறையில் குழல்விளக்கை மூன்று அங்குலம் தள்ளி மாட்டியதால் பாதி அறைக்குக் காற்றே போகாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஏணி போட்டு ஏறி உங்கள் கூரையைப் பாருங்கள்.

காற்று எங்கே விழுகிறது என்று பார்க்க நூலைத் தொங்கவிடுங்கள். ஒரு சாண் நீளப் பட்டு நூல், கூரையிலிருந்து அரை மீட்டருக்கு ஒன்று. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகையில் எத்திலீன் இருக்கிறது. நம் ஊரில் புகைமூட்டம் போட்டுத் தாரைப் பழுக்க வைப்பதே அதனால்தான். ஏற்றுமதிக் காய் இருக்கும் அறையில் அது கூடவே கூடாது.

பாய்மவியல் மாணவி:

அண்ணா, மேலே ஐயா சொன்ன வரும் காற்றுதான் முதல் பிழை என்பதில் எனக்கும் ஐயமில்லை. நான் முனைவர் பட்டத்துக்குச் செய்வது இதே வேலை என்பதால் மாதிரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் மாதிரியில் நான்கு இடம் உதைக்கிறது. நான்கும் ஒரே அளவு முக்கியம் அல்ல.

மிகப் பெரியது பெட்டி. எர்குன் 1952-இல் தந்த சமன்பாடு, மணிகளோ குண்டுகளோ குவிந்திருக்கும் படுகையின் ஊடே காற்று போவதற்கானது. உங்கள் காய் பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது! பெட்டிச் சுவரில் துளை இருந்தாலும் உறை அதை உள்ளிருந்து அடைத்துவிடுகிறது. உங்கள் மாதிரியில் பேலட்டுக்குள் காற்று தாராளமாக நுழைந்து காயைத் தொட்டுக் குளிர்விக்கிறது, அதனால்தான் 14.2. உண்மையில் உள்ளே கடத்தல் மட்டும்தான்.

ஒரு பெட்டி 50 × 30 × 22 சென்டிமீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். (ஓர் அடுக்குக்கு எட்டு என்றால் 1.2 × 1.0 மீட்டர் பேலட்டில் சரியாகப் பொருந்துகிறது.) 13 கிலோவை அந்தக் கொள்ளளவால் வகுத்தால் கனமீட்டருக்கு 394 கிலோ. வெப்பக் கடத்துதிறன் 0.4, தன்வெப்பம் 3,350 என்று எடுத்தால் வெப்பம் பரவும் வேகம் வினாடிக்கு ஒரு சதுரமீட்டரின் ஒரு கோடியில் மூன்று பங்கு. எட்டடுக்குப் பேலட் இடைவெளியே இல்லாத ஒரே கட்டியாக இருந்தால், அதன் நடுவில் இருக்கும் வெப்ப வேறுபாடு பாதியாகக் குறையவே இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். தனியாக நிற்கும் ஒரு பெட்டிக்கு எட்டு மணி நேரம்கூடத் தேவைப்படாது. அளந்த 20.6 இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறைவு. பெட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் கசிவு இருக்கிறது என்று பொருள். ஆகவே பேலட்டைத் திண்மமாக வையுங்கள். பெட்டிகளின் இடைவெளிகளை, அவை எத்தனை குறுகியதாக இருந்தாலும், அப்படியே வரையுங்கள். உங்கள் கட்டங்கள் எல்லாம் அங்கே செலவாகட்டும்.

இரண்டாவது விசிறி. காயில் முகம் 1.2 சதுரமீட்டர், அதன் மேல் சீராகப் பரப்பினால் வேகம் வினாடிக்கு 2.3 மீட்டர்தான். ஆனால் மூன்று விசிறி வட்டங்களின் பரப்பு மொத்தம் 0.38 சதுரமீட்டர். அங்கே காற்று 7.4 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அளவு ஒன்றே, உந்தம் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். காற்று எவ்வளவு தூரம் எறியப்படும் என்பதை உந்தம்தான் முடிவு செய்கிறது. மூன்று வட்டங்களாகவே வரைந்து, விசிறியின் சுழலையும் முடிந்தால் சேருங்கள்.

மூன்றாவது, காற்றோட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு வெப்பத்தைத் தனியே தீர்த்தது. விசிறி வாயில் இது தப்பில்லை. பேலட் நடுவே தப்பு. அங்கே காற்று வினாடிக்கு 10 சென்டிமீட்டர்தான் நகரும். 1.9 மீட்டர் உயரத்துக்கு இரண்டு டிகிரி வேறுபாடு இருந்தால் ரிச்சர்ட்சன் எண் 13 வருகிறது. அதாவது காற்றை ஓட்டுவது விசிறி அல்ல, சூடான பெட்டியை ஒட்டி மேலெழும் காற்றுதான். பூசினெஸ்க் தோராயம் (அடர்த்தி மாற்றத்தை மிதப்பு விசையில் மட்டும் கணக்கிடுவது) போதும், ஆனால் இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும், நேரத்தோடு மாறும்படி.

கடைசியாகத்தான் கொந்தளிப்பு மாதிரி. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு காலி குளிர் அறை ஒன்றை இப்படிக் கணித்து அளந்து பார்த்தார்கள். கே-எப்சிலானில் காற்றின் வேகத்துக்கு 26 சதவீதப் பிழை. அதைவிட மேம்பட்டதாகக் கருதப்பட்ட ஆர்என்ஜி வகையில் 28.5. காலி அறைக்கே இவ்வளவு. பிரான்சில் குளிர்சாதன லாரியைச் சிறிய மாதிரியாகச் செய்து லேசரால் அளந்தவர்கள் கண்டது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது: கூரையை ஒட்டிய காற்று எங்கே பிரிந்து விழுகிறது என்பதை கே-எப்சிலான் பிடிக்கவில்லை, ரெய்னால்ட்ஸ் தகைவு மாதிரி பிடித்தது. உங்களுக்கு அது கனமாக இருக்கும். கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற இன்னொரு கொந்தளிப்பு மாதிரியில் தொடங்குங்கள். கூரையில் தொங்குவதை எல்லாம் மறக்காமல் வரையுங்கள். வேகத்தில் கால் பங்கு பிழை வந்தால் மனம் தளர வேண்டாம். பெட்டியின் வெப்பநிலைதான் உங்களுக்குத் தேவை. பெட்டி மெதுவான பொருள், காற்றின் சிறு பிழைகளை அது விழுங்கிவிடும்.

கணக்குப் புத்தகம்:

நான் திருச்சிப் பக்கம் ஒரு சிப்பம் கட்டும் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். சமன்பாடு எனக்கு வராது, அடுக்குவது தெரியும்.

அண்ணா, உங்கள் ஆட்கள் பெட்டியை எப்படி அடுக்குகிறார்கள்? செங்கல் கட்டுவது போல ஓர் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்றால் பேலட் சரியாமல் நிற்கும், உண்மை. ஆனால் ஒரு பெட்டியின் துளைக்கு நேரே அடுத்த பெட்டியின் அட்டை வந்துவிடும். அட்டையின் முழுப் பலமும் நான்கு மூலைகளில் இருக்கிறது, மாற்றி அடுக்கினால் மூலை மேல் மூலை உட்காராது. குளிர் அறையில் அட்டை ஈரம் ஏறி நைந்தால் அடிப்பெட்டி நசுங்குவதும் அதனால்தான். நாங்கள் நேர் அடுக்காக மாற்றி, நான்கு மூலையிலும் அட்டைக் கோணம் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுகிறோம். துளை துளையோடு சேர்கிறது. உறையும் துளையிட்டதாக வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. பேலட்டைச் சுவரோடு ஒட்டி வைக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். நான் தரையில் மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டுவிட்டேன், சுவரிலிருந்து ஒரு சாண், பேலட்டுக்குப் பேலட் நான்கு விரல். வாயால் சொன்னால் இரண்டு நாள்தான் நிற்கும்.

சின்னமனூர்க்காரன்:

மூன்று வாரம் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். அளந்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஐயா, ஏணி போட்டு ஏறினேன். காயிலிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில், கூரைக்குக் கீழே 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, மின்கம்பிகள் போகும் தகரத் தட்டு ஒன்று அறையின் அகலம் முழுவதும் குறுக்கே ஓடுகிறது. தினமும் அதன் கீழேதான் நடந்திருக்கிறேன். நூல் தொங்கவிட்டேன். தட்டு வரை நூல்கள் கூரையோடு கூரையாகப் படுத்துப் பறந்தன. தட்டைத் தாண்டியதும் மூன்று நூல்கள் நேர் கீழே தொங்கித் துடித்தன, அதற்கு அப்பால் அசைவே இல்லை. துடித்த இடத்துக்கு நேர் கீழே இரண்டாம் வரிசைப் பேலட். அங்கே நின்று முகத்தை அண்ணாந்து காட்டினேன். நெற்றியில் விழுந்த அந்தக் காற்றின் சில்லிப்பு எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

24 தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) வைத்து ஒரு லோடு முழுவதும் பதிவு செய்தேன். காயிலிலிருந்து வரும் காற்று 9.4-க்கும் 13.3-க்கும் நடுவே ஊசலாடியது. இரண்டாம் வரிசை மேல்பெட்டிக்கு மேலே 26 மணி நேரச் சராசரி 11.6. அந்தப் பெட்டிக் காயின் சதையில் 11.9. ஐயா காகிதத்தில் போட்ட கணக்கு ஏறத்தாழ அப்படியே அறையில் இருந்தது.

மாதிரியையும் திருத்தினேன். பேலட் திண்மம், விசிறி மூன்று வட்டம், கூரையில் தட்டு, கே-ஒமேகா எஸ்எஸ்டி, வெப்பமும் காற்றும் சேர்ந்து. உள்ளே வரும் காற்றுக்கு அளந்த வெப்பநிலையையே நிமிடத்துக்கு நிமிடம் கொடுத்தேன். கட்டங்கள் அதே 12 லட்சம்தான், இடத்தை மட்டும் மாற்றிப் போட்டேன். இப்போது 24-இல் 21 இடங்களில் கணிப்பும் அளவும் 0.8 டிகிரிக்குள் வருகின்றன. காற்று தட்டில் முட்டிப் பிரிந்து விழுவது திரையில் தெரிந்தபோது வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதன் பிறகுதான் அறையைத் தொட்டோம். தட்டை மேலேற்ற வழியில்லை, சுவரோரமாகத் திருப்பிவிட்டோம். உணரியை வரும் காற்றுக்கு மாற்றி, முதல் இரவுக்குப் பின் ஒரு கம்ப்ரசர் மட்டும் ஓடும்படி செய்தோம். அப்போது குளிர்விக்கும் வேறுபாடு இரண்டு டிகிரிக்கு மேல் போவதில்லை. திருச்சி அம்மா சொன்னபடி நேர் அடுக்கு, துளையிட்ட உறை, தரையில் மஞ்சள் கோடு. சென்ற லோடில் மேலடுக்குப் பெட்டிகளில் பத்தைப் பிரித்துத் தோலைச் சீவிப் பார்த்தேன். பத்திலும் வரி வெளிறியே இருந்தது. நடுப்பெட்டி 48 மணியில் 16.1. இன்னும் குறைய வேண்டும். இரண்டு வரிசைப் பேலட்டின் மேல் தார்ப்பாய் போட்டு, ஒரு விசிறியால் காற்றைப் பெட்டிகளின் ஊடே இழுத்துப் பார்க்கப் போகிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மாதிரி ஒத்துவரவில்லை. காயிலுக்கு மிக அருகில் இருக்கும் மூன்று தெர்மோகப்பிளும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம், மூன்று நான்கு டிகிரி ஏறி இறங்குகின்றன. கதவு திறந்த நேரத்தோடு பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. நள்ளிரவு 12-க்கும் அதிகாலை 6-க்கும் கூட வருகிறது. கணிப்பில் இது எதனாலும் வர மறுக்கிறது.

பழைய கம்ப்ரசர்:

தம்பி, படித்து முடித்ததும் என் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னேன், ஒரு பையன் நூல் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறான் என்று. நிறைவாக இருக்கிறது.

12, 6, 12, 6 என்றால் அது பனி நீக்கும் டைமர். காயிலுக்குள் மின்சார ஹீட்டர் இருக்கும். மீன் அறையில் காயில் பூஜ்யத்துக்குக் கீழே ஓடும், பனி பிடிக்கும், ஹீட்டர் வேண்டும். உங்கள் காயில் நான்கைந்து டிகிரியில் ஓடுகிறது, அதில் பனி பிடிக்கவே வழியில்லை, தண்ணீர்தான் சொட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கடிகாரம் போல வட்டமாக, ஓரத்தில் சிறு ஊசிகள் செருகிய ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டுத் திறங்கள்.

சின்னமனூர்க்காரன்:

இருந்தது ஐயா. நான்கு ஊசி செருகியிருந்தார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். நேற்று இரவு 12 மணிக்கு அறைக்கு வெளியே லாகரின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 12.20 வரை 13.1-இலேயே நின்றது. நாளைக் காலை உத்தமபாளையத்திலிருந்து 700 பெட்டி வருகிறது. தார்ப்பாயும் விசிறியும் தயார், அளவுகளை இங்கேயே எழுதுகிறேன்.